இது ஃபைலுக்கு இல்லை

மார்ச் 4

அன்புள்ள நெட்டையருக்கு,

ஊசி எழுதுவது. நான் நலம். அத்தையும் நலம், அத்தையின் மூட்டுவலி அத்தையைவிட நலம். உங்கள் நலத்தை ஞாயிற்றுக்கிழமை போனிலேயே கேட்டாயிற்று. ஆனாலும் கடிதம் என்றால் கேட்கவேண்டும் அல்லவா, நலமா?

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. போனில் சொல்லியிருக்கலாம். போனை எடுத்தால் "சாப்டியா", "சாப்ட்டேன்", "அம்மாகிட்ட குடு" என்று முடிந்துவிடுகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் இருக்கும் நாட்டின் விசா ஆபீஸ் சொல்லியிருக்கிறது. ஆமாம், பதில் வந்துவிட்டது. நான் அங்கே வரக்கூடாது என்று எழுதிவிட்டார்கள்.

நாலு பக்கம், எல்லாம் இங்கிலீஷ். கடைக்கு எடுத்துப் போனேன். ஆல்டரேஷனுக்கு வந்த பேன்ட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, மத்தியான இடைவேளையில் கேஷியரிடம் கொடுத்தேன். எங்கள் கடையில் இங்கிலீஷ் பேப்பர் படிக்கிற ஒரே ஆள் அவர்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தவர், முதல் பக்கம் பாதியிலேயே நிமிர்ந்தார்.

"ஏம்மா, ஷாம் மேரேஜ்னு போட்டிருக்கான்."

"ஷாமா? அது யாருங்க? எங்க வீட்டுக்காரர் பேரு அது இல்லையே."

மனுஷர் இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"ஷாம்னா ஆள் இல்லம்மா. பொய்னு அர்த்தம். உங்களோடது பொய்க் கல்யாணம்னு சொல்றான். விசாவுக்காகக் கட்டிக்கிட்டதாம்."

போலிக்கு எனக்கு எத்தனையோ வார்த்தை தெரியும். டூப்ளிகேட், இமிடேஷன், ஃபர்ஸ்ட் காப்பி, டம்மி. இவற்றில் எதன்மேலும் எனக்குக் கோபம் வந்ததில்லை. பெண்கள் பேன்ட்டில் டம்மி பாக்கெட் வைக்கிறோம், கையை விட்டால் அந்த நிமிஷமே தெரிந்துவிடும். ஃபர்ஸ்ட் காப்பி சட்டை வாங்குகிறவனுக்கு அது என்னவென்று நம்மைவிட நன்றாகத் தெரியும். இந்த ஷாம் அப்படி இல்லையாம். ஏமாற்றவேண்டும் என்றே உட்கார்ந்து செய்ததாம்.

காரணங்களையும் வரிசையாக எழுதியிருக்கிறார்கள். நாம் பேசும் போனின் சராசரி நேரம் மூன்று நிமிஷம் நாற்பது நொடி. கல்யாணப் படங்கள் பதினொன்றுதான், அதிலும் நாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. 'ஸ்டேஜ்ட்' என்று ஒரு வார்த்தை. மேடை போட்டு எடுத்தது என்று அர்த்தமாம். கல்யாணம் மேடையில் நடக்காமல் பின்னே மொட்டைமாடியிலா நடக்கும்? ஏழு மாசம் சேர்ந்து இருந்திருக்கிறோம், அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை மூன்று வாரம் வந்திருக்கிறீர்கள். கடைசியாக, குழந்தைகள் இல்லை என்று ஒரு வரி. அதைக் கேஷியர் வாசித்தபோது, போதுங்க என்று வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.

இனி என்ன செய்வதென்று எழுதுங்கள். இன்னொரு தடவை விண்ணப்பிக்கலாம் என்றால் சரி. வேண்டாம் என்றாலும் சரி. எனக்கு எதற்கும் பரபரப்பு இல்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றவில்லை, எழுந்தால் உட்காரத் தோன்றவில்லை. அவ்வளவுதான்.

மிச்சம் அடுத்த கடிதத்தில்,
ஊசி


மார்ச் 21

அன்புள்ள ஊசிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் நாக்குக்காக வைத்த பேரை நீயே கையெழுத்தாகப் போட்டிருப்பதைப் பார்த்துச் சிரித்தேன். கூட வேலை செய்பவர்கள் என்ன விஷயம் என்று கேட்டார்கள். நான் சிரித்து அவர்கள் பார்த்ததில்லை.

எனக்கும் அந்த நாலு பக்கம் வந்தது. இங்கே ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம் தரைக்குக் கீழே இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். உருளை இஸ்திரி இயந்திரத்தின் ஒரு பக்கம் படுக்கை விரிப்பை நுழைத்தால் மறுபக்கம் அப்பளம் மாதிரி வரும், அதை மடித்து அடுக்குவது என் வேலை. ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல். மேலே போய்த்தான் காகிதத்தைப் பிரித்துப் படித்தேன். பிறகு கீழே வந்து மிச்சத்தை மடித்தேன். வேறு என்ன செய்ய?

ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். நம் பாஷை பேசுகிறவர். அவரிடம் அந்தக் காகிதத்தைக் கொடுத்து, "மேடம், இது நிஜக் கல்யாணம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நிஜம்னு எனக்குத் தெரியுதுங்க. பொய்யாக் கல்யாணம் பண்றவன் ஃபைலை இதைவிட நல்லா வச்சிருப்பான். ஆனா நிஜமா இருந்தா மட்டும் போதாது. நிஜம் மாதிரி தெரியணும்."

"அதுக்கு என்ன பண்ணணும்?"

"லெட்டர் எழுதுங்க ரெண்டு பேரும். மாசம் ரெண்டு. கொஞ்சம் உருகி எழுதுங்க. தேதி போட்டு, கவரோட எடுத்து வைங்க. அதை மொழிபெயர்த்து வச்சிருவோம்."

ஆகவே இனிமேல் இரண்டு வகைக் கடிதம். ஆபீசர் படிப்பதற்கு ஒன்று. நமக்குள் சொல்லவேண்டியது இருந்தால் மேலே 'இது ஃபைலுக்கு இல்லை' என்று போட்டுத் தனித் தாளில் எழுது. இரண்டையும் ஒரே கவரில் வைக்கலாம். எடுத்துக் கொடுக்கும்போது மட்டும் நான் கவனமாக இருக்கவேண்டும்.

எனக்கு உருகி எழுத வராது என்று உனக்குத் தெரியும். முயற்சி செய்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

நெட்டை


ஏப்ரல் 5

என் உயிரினும் மேலான அன்புக் கணவருக்கு,

தங்கள் அடிமை எழுதிக்கொண்டது. தங்கள் திருமுகத்தைக் காணாத நாளெல்லாம் எனக்கு இருண்ட நாளாகவே கழிகிறது. தையல் இயந்திரத்தின் சக்கரம் சுற்றும்போதெல்லாம் தங்கள் பெயரையே சொல்லிச் சுற்றுகிறது. தங்களோடு பேசும் மூன்று நிமிடம் நாற்பது நொடியும் எனக்கு மூன்று யுகம் நாற்பது வருடமாகத் தோன்றுகிறது. வானத்து நிலவை நான் இங்கிருந்தும் தாங்கள் அங்கிருந்தும் பார்ப்பதே நம் இல்லறம். விரைவில் என்னை அழைத்துக்கொள்ளும்படி கண்ணீருடன் வேண்டும்,

தங்கள் அன்பு மனைவி


இது ஃபைலுக்கு இல்லை.

மேலே உள்ளதை எழுத இரண்டு மணி நேரம் ஆயிற்று. பாதி அத்தை சொன்னது. "அடிமைன்னு போடு, அப்பதான் நம்புவாங்க" என்றார்கள். நிலா மட்டும் என்னுடையது. பிறகுதான் நினைத்தேன், நீங்கள் தரைக்குக் கீழே அல்லவா இருக்கிறீர்கள்.

எழுதி முடித்ததும் ஒரு மாதிரி இருந்தது. ஆறு வருஷத்தில் இப்படி ஒரு வரிகூட நான் உங்களிடம் சொன்னதில்லை, நீங்களும் சொன்னதில்லை. சொல்லாததால் இல்லை என்று ஆகிவிடுமா? தெரியவில்லை. பக்கத்து மெஷின்காரிக்குத் தன் புருஷனோடு தினமும் சண்டை, மண்டை உடைகிறது, போலீஸ் வருகிறது. அவர்கள் கல்யாணத்தை எந்த ஆபீசரும் சந்தேகப்பட மாட்டார்.

ஊசி


ஏப்ரல் 24

இது ஃபைலுக்கு இல்லை.

அன்புள்ள ஊசிக்கு,

உன் கடிதத்தை வக்கீலம்மா படித்தார். "இது வேண்டாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். 'கன்ட்ரைவ்ட்' என்றார். ஜோடித்தது என்று அர்த்தம். முதல் தடவை மறுத்தபோதே அந்த வார்த்தை இருந்ததாம், இப்போது நாமே அதற்குச் சாட்சி தயார் செய்கிறோமாம். என்னுடையதையும் காட்டினேன். நான் அதில் உன்னை மயில் என்று எழுதியிருந்தேன். அவர் அதைப் பாதிதான் படித்தார்.

"சாதாரணமா எழுதுங்க. மோட்டார் ரிப்பேர், பல்லுவலி, சண்டை. சண்டை ரொம்ப நல்லது" என்றார். அதனால் அடுத்த கடிதத்தில் என்னைக் கொஞ்சம் திட்டு. உனக்கு அது கஷ்டம் இருக்காது.

நேர்காணல் இருக்குமாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். இத்துடன் இரண்டு பக்கத் தாள் வைத்திருக்கிறேன், மனப்பாடம் செய்துகொள். நான் சுவர்ப் பக்கம் படுப்பேன். டீக்கு ஒன்றரை ஸ்பூன் சர்க்கரை. செருப்பு அளவு பத்து. இடது தோளில் சின்ன வயதில் விழுந்த தழும்பு. என் மேற்பார்வையாளர் மொட்டைத்தலைக்காரர், நல்லவர். உன்னைப் பற்றி நீயும் ஒரு தாள் எழுதி அனுப்பு. உனக்கு டீயில் எத்தனை ஸ்பூன் என்று யோசித்துப் பார்த்தேன், வரவில்லை.

இன்னொன்று. இதை எப்படி எழுதுவது என்று நாலு நாளாக யோசித்தேன். குழந்தைகள் இல்லை என்ற வரியைப் பற்றி வக்கீலம்மா கேட்டார். நான் அந்த விஷயத்தைச் சொன்னேன். உடனே பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஆஸ்பத்திரிப் பேப்பர் இருக்கா? அது ஒண்ணு போதுங்க, வேற எதுவுமே வேண்டாம்" என்றார். பீரோவில் அம்மா வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

நீ என்ன சொல்கிறாய்?

நெட்டை


மே 9

இது ஃபைலுக்கு இல்லை.

அன்புள்ள நெட்டையருக்கு,

தாளை மனப்பாடம் செய்கிறேன். நீங்கள் கேட்டபடி சண்டைக் கடிதம் ஒன்று தனியாக இருக்கிறது. மூன்று பக்கம் வந்துவிட்டது, வக்கீலம்மா வேண்டியதை வெட்டிக்கொள்ளட்டும். என்னைப் பற்றிய தாளும் இருக்கிறது. எனக்கு டீயில் சர்க்கரை கிடையாது.

அந்தக் காகிதம் வேண்டாம்.

போனில் பேசினதைக் காட்டுங்கள், கல்யாணப் படத்தைக் காட்டுங்கள், உங்கள் தோள் தழும்பு, என் டீ எல்லாவற்றையும் காட்டுங்கள். அதை மட்டும் கொடுக்காதீர்கள். அந்த வாரம் நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீங்கள் போன் செய்தீர்கள். உடம்பைப் பார்த்துக்கோ என்றீர்கள். லீவு கிடைக்கவில்லை என்றீர்கள். பிறகு, வீட்டுத் தண்ணீர் மோட்டாரைச் சரிபார்த்தாகிவிட்டதா என்று கேட்டீர்கள். ஆகிவிட்டது என்று சொன்னேன். அதற்குப் பிறகு இந்த நாலு வருஷத்தில் நாம் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நாமே பேசாததை ஒரு ஆபீசர் கையில் கொடுத்து, இதைப் பார்த்து நம்புங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதனால் விசா கிடைக்காவிட்டால் போகட்டும்.

ஊசி


ஜூன் 12

அன்புள்ள ஊசிக்கு,

உன் கடிதங்கள் கிடைத்தன. சண்டைக் கடிதத்தை வக்கீலம்மா ஒரு வரிகூட வெட்டவில்லை. அருமை என்றார். நான் இரண்டாவது பக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன், மூன்றாவது பக்கத்தை ஒரு வாரம் கழித்துத்தான் படிக்க முடிந்தது.

விண்ணப்பம் போட்டாகிவிட்டது. ஜூலை 3 உனக்கு நேர்காணல். காலை எட்டரைக்கே போய்விடு. தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல், இஷ்டத்துக்கு அடித்து விடாதே.

இங்கே ஜன்னல் வைத்த ஒரு அறை பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் இருக்கலாம். எல்லாம் சரியாகிவிடும்.

நெட்டை


ஜூலை 14

அன்புள்ள நெட்டையருக்கு,

வாழ்த்துகள். விசா கிடைத்துவிட்டது. முந்தாநாள் கடிதம் வந்தது. தொண்ணூறு நாளுக்குள் நான் அங்கே வந்து இறங்கவேண்டும். கேஷியர் வாசித்துக் காட்டினார். "ஜென்யூன் அண்ட் சப்சிஸ்டிங்குன்னு போட்டிருக்கான்மா. உண்மையானது, இப்பவும் நடப்புல இருக்கறதுன்னு அர்த்தம்" என்றார். கடையில் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். அவர் காசில்.

நேர்காணலைப் பற்றிச் சொல்கிறேன். ஆபீசர் என் வயதுக்காரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவர். கணவர் எந்தப் பக்கம் படுப்பார் என்று கேட்டாள். சுவர்ப் பக்கம் என்றேன். டீ, ஒன்றரை ஸ்பூன். செருப்பு, பத்து. தழும்பு, இடது தோள். எல்லாம் டக் டக்கென்று வந்தது. பள்ளிக்கூடத்தில்கூட நான் இப்படிப் படித்ததில்லை. சொல்லிக்கொண்டே வரும்போதுதான் ஒன்று தோன்றியது. இதில் ஒன்றுகூட எனக்கு நினைவிலிருந்து வரவில்லை. எல்லாம் நீங்கள் அனுப்பிய தாளிலிருந்து வருகிறது. நீங்கள் சுவர்ப் பக்கம் படுத்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

பிறகு அவள் ஃபைலில் ஒரு தாளைத் திருப்பினாள். திருப்பிவிட்டு என்னைப் பார்த்தாள். தலைகீழாக இருந்தாலும் அந்த ஆஸ்பத்திரி முத்திரை எனக்குத் தெரியாதா? ஊதா மசி, ஒரு ஓரம் தேய்ந்தது.

அவள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. மெதுவாக, "ஐ ஆம் சாரி ஃபார் யுவர் லாஸ்" என்றாள். பக்கத்தில் இருந்தவர், "உங்க இழப்புக்கு ரொம்ப வருத்தப்படறாங்கம்மா" என்றார். அது எனக்கே புரிந்துவிட்டது. கண்ணாடிக்குக் கீழே காகிதம் நுழைக்கிற சந்து இருக்கிறதல்லவா, அதன் வழியாக டிஷ்யூப் பெட்டியைத் தள்ளப் பார்த்தாள். பெட்டி நுழையவில்லை. அதனால் ஒவ்வொரு தாளாக உருவி உருவி நீட்டினாள். நானும் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டேன். அப்படி எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

நாலு வருஷத்தில் அந்த வார்த்தையை என்னிடம் சொன்ன முதல் ஆள் அவள்தான். அத்தை அழுதார்கள், ஆனால் சொல்லவில்லை. கடையில் யாருக்கும் தெரியாது. நீங்கள் மோட்டாரைப் பற்றிக் கேட்டீர்கள்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் கேட்டேன். மறைக்கவில்லை.

"அவன் கேட்டான். போட்டோ புடிச்சு அனுப்பச் சொன்னான், பக்கத்து வீட்டுப் பொண்ணை வச்சு அனுப்பினேன். உனக்காகத்தானேடி கேட்டான்?"

"எனக்காகத்தான் அத்தை" என்றேன். அவர்களிடம் வேறு என்ன சொல்ல?

உங்கள்மேல் கோபமாக எழுதவேண்டும் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. கை வலிக்கிறது. இந்த மாசம் பள்ளிச் சீருடை வேலை அதிகம்.

ஊசி


ஆகஸ்ட் 10

இது ஃபைலுக்கு இல்லை. ஃபைலே இப்போது இல்லை, ஆனாலும் போட்டுவிட்டேன்.

அன்புள்ள ஊசிக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. எப்படி வந்தாலும் தபாலில் போட்டுவிடுவேன்.

நீ வேண்டாம் என்று சொன்ன பிறகு நான் அந்தக் காகிதத்தை வாங்கிக் கொடுத்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது திருட்டு. உனக்காகச் செய்தேன் என்று அம்மா சொல்லியிருக்கிறார்கள். அது முழுசும் உண்மை இல்லை. இங்கே தனியாகச் சாப்பிட்டுத் தனியாகப் பாத்திரம் கழுவி எனக்கு அலுத்துவிட்டது. எனக்காகத்தான் செய்தேன்.

அம்மா அனுப்பிய படத்தைப் போனில் பெரிதாக்கிப் படித்தேன். பெண் குழந்தை, அறுநூற்று நாற்பது கிராம் என்று இருந்தது. பெண் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. நீ சொல்லவில்லை என்று குறை சொல்லமாட்டேன். நான் கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். லீவு கிடைக்கவில்லை என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். அன்றைக்கு அம்மாவின் போன் வந்தபோது நான் இயந்திரத்துக்கு முன்னால் நின்றிருந்தேன். முகத்தைப் பார்த்துவிட்டு மேற்பார்வையாளரே வந்து கேட்டார். சொன்னேன். "போ, இன்னிக்கே கிளம்பு, நான் பார்த்துக்கிறேன்" என்று அவர் பாஷையில் சொன்னார். டிக்கெட்டுக்குக்கூட ஏற்பாடு செய்கிறேன் என்றார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை அதற்குப் பிறகு கொஞ்ச நாள் சரியாகப் பார்க்கவே இல்லை.

ஏன் என்று கேட்பாய். பயம். வந்தால் நீ என்னைப் பார்த்து அழுவாய், நான் என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியாது. ஏழு மாசமும் மூன்று வாரமும் பழகிய ஒருத்தியை எப்படிப் பிடித்துக்கொள்வது, எங்கே கை வைப்பது, எதுவும் தெரியாது. இங்கே இருந்தால் மடிப்பதற்கு விரிப்பாவது இருந்தது. அன்றைக்கு மதியத்துக்குப் பிறகு என் மேசைக்கு வந்தது குழந்தைகள் வார்டு பை. சின்னச் சின்ன விரிப்புகள், தலையணை உறைகள். ஓரத்தில் வாத்துப் படம் போட்டிருக்கும். மாற்றிக் கொடுக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எல்லாவற்றையும் மடித்தேன். முடித்துவிட்டு உனக்குப் போன் செய்தேன். உன்னிடம் கேட்டால் நீ பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி வேண்டும் என்று தேடினேன், மோட்டார்தான் கிடைத்தது.

மன்னிப்புக் கேட்கிறேன். காகிதத்துக்கும், லீவுக்கும், மோட்டாருக்கும்.

ஜன்னல் வைத்த அறையை வாடகைக்கு எடுத்துவிட்டேன். வா என்று எழுதக் கை வரவில்லை. வரவேண்டாம் என்று எழுதவும் வரவில்லை. நீயே முடிவு செய். எதுவானாலும் நான் ஏன் என்று கேட்கமாட்டேன்.

நெட்டை


அக்டோபர் 7

அன்புள்ள உங்களுக்கு,

பதில் எழுத இரண்டு மாசம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விசாவின் கடைசி நாளுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைக்கும்போது அது முடிந்திருக்கும். வேண்டுமென்றேதான் இப்போது எழுதுகிறேன். நான் வரவில்லை.

உங்கள் கடிதத்தைக் கடையில் மெஷினில் உட்கார்ந்து படித்தேன். வாத்துப் படம் வந்த இடத்தில் என்னால் முடியவில்லை. கேஷியர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய்ப் பில் போட்டார். அன்றைக்குத் தைத்த இரண்டு பேன்ட்டையும் பிரித்து மறுபடி தைக்கவேண்டியதாயிற்று, இரண்டு காலும் இரண்டு நீளம்.

அவளைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியது கொஞ்சம்தான் இருக்கிறது. தலைமுடி நிறைய இருந்தது. கால் நீளம். நர்ஸ், "அப்பா உயரமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இனி உங்களுக்கும் தெரியும்.

உங்கள் கடிதத்துக்குப் பிறகு வரலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் துடைத்தேன். அத்தை என் துணிகளை மடித்துக் கொடுத்தார்கள். பாதி அடுக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அங்கே வந்தால் நீங்கள் தினமும் மன்னிப்புக் கேட்பீர்கள், வாயால் கேட்காவிட்டாலும் முகத்தால் கேட்பீர்கள். நான் தினமும் பரவாயில்லை என்று சொல்லவேண்டும். அது இரண்டு பேருக்கும் இன்னொரு வேலை. ஏற்கெனவே நமக்கு வேலை அதிகம். அந்த ஜன்னல் அறையில் உட்கார்ந்துகொண்டு, உண்மையான மனைவி என்று முத்திரை வாங்கியவள் எப்படி நடந்துகொள்ளவேண்டுமோ அப்படி நடந்துகொள்ள எனக்குத் தெம்பு இல்லை.

இது கோபத்தில் எழுதியது என்று நினைக்காதீர்கள். கோபம் இருந்திருந்தால் அடுத்த விமானத்திலேயே வந்து இறங்கி நேரில் ஒரு பிடி பிடித்திருப்பேன்.

அத்தையிடம் சொன்னேன். மடித்த துணிகளை ஒவ்வொன்றாகப் பீரோவில் திருப்பி வைத்தார்கள். பிறகு, "என்னைய எங்கயும் அனுப்பிராதடி" என்றார்கள். எங்கே அனுப்புவது? என்னோடுதான் இருப்பார்கள். அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

கடையில் ஆல்டரேஷன் பிரிவை முழுதாக என்னிடம் விட்டிருக்கிறார்கள். எனக்குக் கீழே இரண்டு பேர். ஒருத்தி நன்றாகத் தைக்கிறாள், இன்னொருத்தி நன்றாகப் பேசுகிறாள்.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். நான் உங்களிடம் வருவதற்கு ஒரு வக்கீல், ஒரு கண்ணாடிச் சுவர், அவளுடைய காகிதம் எல்லாம் வேண்டியிருந்தது. நீங்கள் என்னிடம் வருவதற்கு ஒன்றும் வேண்டாம். எந்த ஆபீசரும் உங்களை எதுவும் கேட்கமாட்டார். ஆறு வருஷமாகவே அப்படித்தான் இருந்தது. வா என்று இதற்கு அர்த்தம் இல்லை. வராதே என்றும் இல்லை. எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன்.

பதில் போடவேண்டிய கட்டாயம் இல்லை. போட்டால் படிப்பேன்.

ஊசி